16 கோடி ரூபாய் ஊசியும் மடிப்பிச்சையும்



ஜுமுஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறீர்கள். செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் நிற்கிறார். தோளில் ஒரு வயதுக் குழந்தை. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மருத்துவமனைக் கடிதம். ஐம்பதோ நூறோ எடுத்து நீட்டிவிட்டு, ‘எவ்வளவு வேணும் பாய்?’ என்று கேட்கிறீர்கள். ‘பதினாறு கோடி’ என்கிறார் அவர்.

உங்களுக்கு முதலில் வருவது இரக்கமல்ல, சந்தேகம். உலகத்தில் எந்த மருந்துக்கு 16 கோடி விலை? இவர் நம்மை ஏமாற்றுகிறாரா? அல்லது இவரை யாராவது ஏமாற்றிவிட்டார்களா? கடை வைத்துப் பிழைக்கும் எவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். வருவதில் தவறும் இல்லை. ஆனால் அந்த மருந்து உண்மை. அந்த விலையும் உண்மை. அந்த விலை எப்படி வந்தது, அதைக் கொடுத்துத்தான் தீர வேண்டுமா, நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

நோயிலிருந்து தொடங்குவோம். ‘ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோபி’ என்பது அதன் பெயர். சுருக்கமாக எஸ்.எம்.ஏ. என்பார்கள். முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு நோய் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். கையைத் தூக்கு, காலை உதை, பாலை விழுங்கு, மூச்சை இழு என்று மூளை இடும் கட்டளைகளைத் தசைகளுக்குக் கொண்டு போவது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள். அவை உயிரோடிருக்க ஒரு புரதம் தேவை. அந்தப் புரதத்தைச் செய்யும் குறிப்பு எஸ்.எம்.என்.1 என்ற மரபணுவில் இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்த மரபணு இல்லாமல் போகிறது. அல்லது பழுதுபட்டுப் போகிறது. புரதம் போதாமல் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. கட்டளை வராத தசை மெலிந்து போகிறது.

ஏறத்தாழ 10,000 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இந்நோய் வருகிறது. இதில் கடுமையானது முதல் வகை. குழந்தை பிறக்கும்போது வித்தியாசம் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் கால் உதைப்பது நின்றுவிடும். தலை நிற்காது. மல்லாக்கப் படுக்க வைத்தால் தவளையின் கால்களைப் போல இரு கால்களும் விரிந்து கிடக்கும். அழுகைச் சத்தம் மெலிந்திருக்கும். பால் குடிக்கையில் இளைக்கும். ஆனால் முகம் களையாக இருக்கும், கண்கள் தாயைத் தேடும், சிரிக்கும். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இந்த வகைக் குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு வயதைக் காண்பதில்லை. அல்லது நிரந்தரமாகச் செயற்கை சுவாசக் கருவியோடு வாழ வேண்டியிருக்கும்.

‘சதைப் பிடிப்பு இல்லாத பிள்ளை, ஆறு மாசம் போனால் சரியாகிவிடும்’, ‘பேர் சொல்லி ஓதி ஊதுங்கள்’, ‘வேப்பெண்ணெய் தேய்த்து விடுங்கள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஒவ்வொரு வாரமும் நரம்பணுக்கள் போய்க்கொண்டிருக்கின்றன. போனது திரும்பாது. இதை மனத்தில் நன்றாக இருத்திக் கொள்ளுங்கள். பின்னால் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

ஆஸ்திரிய மருத்துவர் கீடோ வெர்ட்னிக் 1891 இல் இந்த நோயை விவரித்தார். காரணமான மரபணுவைப் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழு கண்டறிந்தது 1995 இல். இடைப்பட்ட நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, பெற்றோரிடம் சொல்வதற்கு மருத்துவர்களிடம் நம்பிக்கை தரும் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை. இன்று மூன்று மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் அந்த 16 கோடி ரூபாய் ஊசி, பெயர் ஸோல்ஜென்ஸ்மா.

அது செய்யும் வேலை வியப்பானது. மனிதனுக்கு நோய் தராத ஒரு சிறு வைரஸை எடுக்கிறார்கள். அதற்குள்ளிருக்கும் அதன் சொந்த மரபணுக்களை நீக்கிவிடுகிறார்கள். காலிக் கூட்டுக்குள் நல்ல எஸ்.எம்.என். மரபணுவின் பிரதியை வைத்து அடைக்கிறார்கள். ஏ.ஏ.வி.9 என்ற இந்த வைரஸுக்கு ஒரு தனிக் குணம்: இரத்தத்தில் செலுத்தினால் குழந்தையின் தண்டுவட நரம்பணுக்கள் வரை போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம், ஒரே முறை, கை நரம்பில் ஏற்றுகிறார்கள். கோடானு கோடி வைரஸ் கூடுகள் சரக்கு வண்டிகளைப் போல உள்ளே போய் மரபணுவை இறக்கி வைக்கின்றன. புரதம் உற்பத்தியாகத் தொடங்குகிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் ஜெர்ரி மெண்டெல் தலைமையிலான குழு 15 குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தது. முடிவு 2017 நவம்பரில் வெளியானது. 20 மாத வயதில் 15 குழந்தைகளும் உயிரோடிருந்தன. ஒன்றுக்கும் நிரந்தர சுவாசக் கருவி தேவைப்படவில்லை. சிகிச்சையற்ற குழந்தைகளில் அந்த வயதை அப்படி எட்டியவை நூற்றுக்கு எட்டுதான். கூடுதல் அளவு மருந்து பெற்ற 12 பேரில் 11 பேர் தாங்களாக உட்கார்ந்தனர், இருவர் நடந்தனர். உட்காரவே மாட்டா என்று எழுதி வைத்திருந்த குழந்தைகள்! நோய் அறிகுறி தெரியும் முன்பே, பிறந்து ஆறு வாரத்துக்குள் ஊசி பெற்ற 14 குழந்தைகளின் முடிவு பிறகு வந்தது. பதினான்கும் உட்கார்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை மற்றக் குழந்தைகள் செய்யும் வயதிலேயே அதைச் செய்தன.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பேசுவது விளம்பரக்காரர்களின் வேலை. இம்மருந்து கல்லீரலைத் தாக்கக்கூடும். ஊசிக்கு முந்திய நாளிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்துக் கண்காணிக்க வேண்டும். ரஷ்யாவிலும் கஸகஸ்தானிலும் இரு குழந்தைகள் ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்த செய்தி 2022 ஆகஸ்டில் வெளியானது. அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் ஏற்கெனவே மிகுதியாக இருந்தால் ஊசி போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மடிந்த நரம்பணுவை இது எழுப்பித் தராது. இருப்பதைக் காக்கும், அவ்வளவே. மூன்றாவது வாரத்தில் போட்ட ஊசிக்கும் பதினெட்டாவது மாதத்தில் போட்ட அதே ஊசிக்கும் விலை ஒன்று, பலன் ஒன்றல்ல.

இனி விலைக்கு வருவோம். வணிகப் பெருமக்களே, இந்தக் கணக்கை நீங்கள்தாம் நன்றாகப் புரிந்துகொள்வீர்கள்.

2019 மே மாதம் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு இம்மருந்தை அனுமதித்தது. சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதற்குக் குறித்த விலை 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அந்நாளில் உலகிலேயே விலை உயர்ந்த மருந்து அதுதான். ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைக் கவனியுங்கள். ‘இந்நோய்க்கு ஏற்கெனவே ஸ்பின்ராஸா என்ற மருந்து இருக்கிறது, அதை ஆயுள் முழுவதும் போட வேண்டும், அதன் பத்தாண்டுச் செலவோடு ஒப்பிட்டால் எங்கள் விலை பாதிதான்’ என்றார்கள். ஸ்பின்ராஸாவின் விலை என்ன? முதல் ஆண்டுக்கு ஏழரை லட்சம் டாலர். அதன்பின் ஆண்டுதோறும் மூன்றே முக்கால் லட்சம் டாலர்!

சரக்கின் அடக்கவிலை என்ன, கூலி என்ன, லாபம் என்ன என்று கூட்டி வந்த விலையல்ல இது. பக்கத்துக் கடைக்காரன் அநியாய விலை சொல்கிறான், அதில் பாதி சொன்னால் நான் நியாயவான் என்ற வாதம். பஞ்சகாலத்தில் அரிசியைப் பதுக்கி வைத்து, ‘பட்டினி கிடந்து செத்தால் உன் உயிரின் விலை என்ன? அதைவிட இது மலிவுதானே’ என்று ஒருவன் கேட்டால் அவனை நம் கடைவீதி என்ன பெயரிட்டு அழைக்கும்? பதுக்கலும், இல்லாதவனின் நெருக்கடியில் விலை ஏற்றுவதும் கூடாது என்று நமக்குச் சிறு வயதிலிருந்தே போதிக்கப்பட்டிருக்கிறது. பெரிய நிறுவனம் செய்தால் அதற்கு ‘மதிப்பு அடிப்படையிலான விலை’ என்று பெயர் மாறிவிடுகிறது.

ஆராய்ச்சிக்குச் செலவாகவில்லையா என்று கேட்கலாம். ஆகியிருக்கிறது. அந்தச் செலவை யார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. நோயின் மரபணுவைக் கண்டறிந்தது அரசுப் பணத்திலும் நன்கொடையிலும் நடந்த ஆராய்ச்சி. ஏ.ஏ.வி.9 வைரஸைக் கொண்டு இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டியவர்களில் பிரான்சின் ஜெனதோன் ஆய்வகத்தாரும் அடங்குவர். அந்த ஆய்வகம் எப்படி நடக்கிறது தெரியுமா? 1987 முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ‘டெலிதோன்’ என்ற நிதி திரட்டும் நிகழ்ச்சி நடக்கிறது. தசைநோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் தொடங்கியது. ஊர் மக்கள் பத்து இருபதாகக் கொடுக்கும் பணத்தில் நடக்கும் ஆய்வகம் அது. அதன் காப்புரிமையைப் பயன்படுத்தும் உரிமையை ஏவெக்ஸிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2018 இல் ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் நோவார்ட்டிஸ் அந்த ஏவெக்ஸிஸ் நிறுவனத்தையே 870 கோடி டாலருக்கு வாங்கியது. ஆக, விலையில் ஏறியிருப்பது ஆய்வுக்கூடத்தின் செலவு மட்டுமல்ல; ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தை வாங்கிய கிரயமும்தான். அந்தக் கிரயத்தை நம் பள்ளிவாசல் வாசலில் நிற்கும் தகப்பனிடம் வசூலிக்கிறார்கள்.

இந்த நிறுவனத்தின் நேர்மையைப் பற்றியும் ஒரு செய்தி. எலிகள் மீது நடத்திய சோதனையின் சில விவரங்கள் திரிக்கப்பட்டிருப்பது 2019 மார்ச்சிலேயே ஏவெக்ஸிஸுக்குத் தெரியும். மே மாதம் அனுமதி வாங்கிய பிறகு, ஜூன் மாதக் கடைசியில்தான் அரசிடம் சொன்னார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே ஆகஸ்டில் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தது. குழந்தைகளுக்குக் கொடுத்துப் பெற்ற முடிவுகளை அது பாதிக்கவில்லை என்றும் அதே அமைப்பு சொன்னது. நியாயமாக அதையும் சொல்லிவிட வேண்டும். தண்டனை எதுவும் இல்லாமல் விவகாரம் முடிந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் இன்னொரு காட்சி. மருந்து கிடைக்காத நாடுகளுக்கென ஆண்டுக்கு 100 ஊசிகளை இலவசமாகத் தருவதாக நோவார்ட்டிஸ் அறிவித்தது. யாருக்குக் கொடுப்பது? குலுக்கல்! குழந்தைகளின் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுப்பது. ஐரோப்பாவிலேயே பெற்றோர் சங்கங்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன. நம் நாட்டுக் குழந்தைகள் சிலருக்கும் அந்த வழியில் ஊசி கிடைத்தது. கிடைத்தவர்கள் நலமாக இருக்கட்டும். ஆனால் உயிரை லாட்டரிச் சீட்டாக்கியதைத் தர்மம் என்று ஏற்றுக்கொள்ள நம்மால் முடியவில்லை.

நம் மக்கள் என்ன செய்தார்கள்? தங்களால் இயன்றதற்கும் மேலேயே செய்தார்கள். 2021 இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சிறுவனுக்கு 18 கோடி தேவை என்ற வேண்டுகோள் வெளியானது. ஒரு வாரத்துக்குள் 46 கோடிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ‘போதும், இனி அனுப்பாதீர்கள்’ என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. வளைகுடாவில் கட்டட வேலை பார்ப்பவன் முதல் தள்ளுவண்டிக்காரன் வரை, மதம் பாராமல், அனுப்பிய பணம் அது. எஞ்சிய தொகை இதே நோயுள்ள மற்றக் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட்டது. இந்த மண்ணில் மனிதாபிமானம் வற்றிவிட்டது என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு வாரம் பதிலாக இருந்தது.

அதே மாநிலத்தில், அதே ஜூலை மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மலப்புறம் மாவட்டத்துக் குழந்தை. ஆறு மாத வயது. பல வாரங்களாக வென்டிலேட்டரில். அதற்கும் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 16 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஊசி வருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கொடுத்தவர்கள் தவறவில்லை. பெற்றவர்கள் தவறவில்லை. ஒரு குழந்தை பிழைப்பதும் இறப்பதும் எந்த வீடியோ எத்தனை பேர் கண்ணில் படுகிறது, எத்தனை நாளில் படுகிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பதே நம் வாதம். அழகாகச் சிரிக்கும் குழந்தைக்குச் சேரும் பணம், படம் எடுக்கத் தெரியாத வீட்டுக் குழந்தைக்குச் சேர்வதில்லை. வசூலிலும் ஏழை பணக்காரன் வேறுபாடு வந்துவிடுகிறது.

அரசாங்கம் எங்கே போயிற்று? 2021 தொடக்கத்தில் அரசின் முதல் பங்களிப்பு வரி வசூலாக இருந்தது! 16 கோடி ரூபாய் மருந்துக்குச் சுங்கமும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஏறத்தாழ 6 கோடி. மும்பைக் குழந்தை ஒன்றுக்கும், பிறகு நம் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கும் தனித்தனியாக மன்றாடித்தான் அந்த வரி தள்ளுபடியானது. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில் இம்மருந்துக்கு வரி விலக்கு அளித்தது. 2023 ஏப்ரல் முதல் அரிய நோய்களுக்கென்று சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யும் மருந்துகளுக்குச் சுங்கவரியும் நீங்கியது. காலதாமதமானாலும் நல்ல முடிவுகள், பாராட்டுகிறோம்.

2021 மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்நிலை மையங்களில் பதிவு செய்து சிகிச்சை பெறும் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தினார்கள். 50 லட்சம் சிறு தொகையல்ல. ஆனால் 16 கோடிக்கு முன்னால் அது எம்மாத்திரம்? ஆற்றைக் கடக்கக் கேட்டவனுக்குத் துடுப்பில் ஒரு சாண் வெட்டிக் கொடுத்த கதை. கேரள அரசு 2024 இல் தனித் திட்டம் தொடங்கி, குழந்தைகளுக்கு வாய்வழி மருந்தைத் தானே வழங்கத் தொடங்கியது. பக்கத்து மாநிலத்தால் முடிவது நமக்கு ஏன் முடியாது என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்க வேண்டியது நம் கடமை.

வாய்வழி மருந்து என்று சொன்னோமே, அதில்தான் நம்பிக்கைக்குரிய செய்தி இருக்கிறது. இளைஞர்கள் இதைக் கூர்ந்து படியுங்கள்.

இறைவன் மனிதனுக்கு இந்த மரபணுவோடு எஸ்.எம்.என்.2 என்ற ஏறத்தாழ அதே போன்ற இன்னொன்றையும் கொடுத்திருக்கிறான். அதில் ஓர் எழுத்து வேறுபாடு இருப்பதால் நல்ல புரதம் சிறிதளவே வருகிறது. ரிஸ்டிப்ளாம் என்ற மருந்து அந்த இரண்டாவது மரபணுவைத் தூண்டிக் கூடுதலாகப் புரதம் செய்ய வைக்கிறது. வாயால் குடிக்கும் மருந்து. தினமும், ஆயுள் முழுவதும். சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 2021 இல் இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தது. ஒரு புட்டி ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய்.

ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் இதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தது. ரோஷ் வழக்குத் தொடுத்தது. காப்புரிமை 2035 வரை தங்களுடையது என்றது. நோயாளிகள் தரப்பிலிருந்தும் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். இம்மருந்து ரோஷின் பழைய காப்புரிமையிலிருந்தே வெளிப்படையாக வரக்கூடியது என்று கருதிய டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தடை விதிக்க மறுத்தது. அக்டோபர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. நாட்கோ குறித்த விலை புட்டிக்கு 15,900 ரூபாய்!

கணக்குப் போடுங்கள். 20 கிலோவுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஒரு புட்டி 12 நாள் வரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 30 புட்டி. பழைய விலையில் 1 கோடியே 80 லட்சம். புதிய விலையில் 4 லட்சத்து 77 ஆயிரம். இதே மூலக்கூறு, இதே மருந்து. 4 லட்சத்து 77 ஆயிரமும் கூலித் தொழிலாளியால் முடியாத தொகைதான். ஆனால் அரசு தரும் 50 லட்சத்தில் பத்து ஆண்டுகள் ஓடும். ஒரு மாவட்டத்து வணிகர்கள் சேர்ந்தால் சுமக்க முடியும். எட்டாத வானத்திலிருந்து ஏணி வைத்தால் எட்டும் பரணுக்கு விலை இறங்கியிருக்கிறது.

இது தானாக நடக்கவில்லை. 1970 இல் இயற்றிய காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு ஏகபோகத்தை மறுத்தது. டங்கல் திட்டம், காட் ஒப்பந்தம், 1995 இல் உலக வர்த்தக அமைப்பு என்று வந்த நெருக்கடியில் 2005 இல் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனாலும் பழைய மருந்துக்குப் புதுச் சட்டை போட்டுக் காப்புரிமை கேட்க முடியாதபடி ஒரு பிரிவை வைத்தார்கள். இதே நோவார்ட்டிஸ் நிறுவனம் இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்குக் கேட்டு வந்தபோது, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது அந்தப் பிரிவால்தான். அதற்கும் முன்னால், 2001 இல், எய்ட்ஸ் நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் பன்னாட்டு நிறுவனங்கள் கேட்டுக் கொண்டிருந்த காலத்தில், நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக அந்த மருந்தைத் தருகிறேன் என்று உலகத்துக்கு அறிவித்தவர் சிப்லாவின் யூசுப் ஹமீது. 1935 இல் அவருடைய தந்தை குவாஜா அப்துல் ஹமீது தொடங்கிய நிறுவனம் அது. வணிகம் செய்து லாபமும் பார்த்தார்கள்; ஆப்பிரிக்காவில் லட்சோப லட்சம் பேர் உயிர் பிழைக்கவும் வழி திறந்தார்கள். மருந்துத் தொழிலில் இறங்க நினைக்கும் நம் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல முன்னோடி எங்கே இருக்கிறது?

அந்த 16 கோடி ஊசியை இப்படிச் செய்ய முடியாதா என்றால், மாத்திரையைப் போல எளிதாக நகலெடுக்க முடியாது. உயிருள்ள செல்களில் வைரஸை வளர்த்து, சுத்தப்படுத்தி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்துத் தயாரிக்க வேண்டும். அதற்கென்று ஆலையும் ஆளும் வேண்டும். ஆனால் முடியாத காரியமல்ல. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியா என்ற இரத்தம் உறையா நோயுள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை செய்து வெற்றி கண்டதை 2024 டிசம்பரில் உலகின் முன்னணி மருத்துவ இதழ் வெளியிட்டது. ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் நடந்த சாதனை. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய புற்றுநோய் செல் சிகிச்சை 2023 இல் அனுமதி பெற்றது. வெளிநாட்டில் கோடிகளில் விற்கும் அதை இங்கே லட்சங்களில் தருகிறார்கள். எஸ்.எம்.ஏ.வுக்கும் இதுபோல் அரசு பணம் போட வேண்டும். அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கும் இதே மரபணு மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்த 2025 நவம்பரில் அனுமதி கிடைத்திருக்கிறது. விலை இன்னும் கூடுதல், 25 லட்சம் டாலருக்கு மேல். தேவைப்படுவோர் தொகை பெருகும். ஒவ்வொரு முறையும் மடிப்பிச்சை எடுத்துச் சமாளிக்க முடியாது.

கடைசியாக, கொஞ்சம் கசப்பான விஷயம். நம் வீட்டைப் பற்றியது.

இந்நோய் வரத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும். ஏறத்தாழ 50 பேரில் ஒருவர் தமக்கே தெரியாமல் இதைச் சுமக்கிறார். அவருக்கு ஒரு நோயும் இராது. சுமக்கும் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். உறவில்லாத இருவர் மணக்கும்போது இந்த வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மாமன் மகள், மாமி மகள், சாச்சா மகள் என்று நேர் ஒன்றுவிட்ட உறவில் மணந்தால் அது ஏறத்தாழ ஆறு ஏழு மடங்கு ஆகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும் என்பதும் உண்மை. மார்க்கம் அனுமதித்ததை நாம் தடுக்கவில்லை. அனுமதி வேறு, ‘சொத்து வெளியே போய்விடும்’ என்று தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி மணப்பது வேறு. சவூதி அரேபியாவில் தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய இரத்த நோய்களுக்கான பரிசோதனையைத் திருமணத்துக்கு முன் 2004 முதல் கட்டாயமாக்கினார்கள்.  குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், நிக்காஹ் பேசுவதற்கு முன் மணமக்கள் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது ஒரு வேளை பிரியாணிச் செலவைவிடக் குறைவான காரியம்.

இன்னொன்று. இத்தகைய குழந்தை பிறந்த வீட்டில் முதலில் பழி விழுவது அந்தப் பெண் மீது. ‘ராசி இல்லாதவள்’ என்பதும், மகனுக்கு வேறு பெண் பார்ப்பதும் நடக்கிறது. மரபணுவில் பாதி மகனுடையது என்பதை மாமியார்மார்களுக்கு யார் சொல்வது? ஜமாஅத்தில் பஞ்சாயத்துக்கு வரும்போது நிர்வாகிகள்தாம் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் 2018 இல் பிறந்த குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைப் பட்டியலில் இந்நோய் சேர்க்கப்பட்டது. குதிகாலில் ஒரு துளி இரத்தம் போதும். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படி ஒரு திட்டம் இல்லை. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைத் தொடங்க வேண்டும், ரிஸ்டிப்ளாமை அரசு மொத்தக் கொள்முதல் செய்து இலவசமாகத் தர வேண்டும் என்ற இரண்டு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஒவ்வொரு கிளையும் தங்கள் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். வணிகர் சங்கங்களும் அனுப்பட்டும்.

அந்தத் தகப்பன் அடுத்த ஜுமுஆவுக்கும் வருவார். நூறு ரூபாயோடு நிறுத்திவிடாமல் அவர் கையிலிருக்கும் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். மரபணுப் பரிசோதனை முடிவு இருக்கிறதா, எஸ்.எம்.என்.2 எத்தனை பிரதி என்று எழுதியிருக்கிறதா, அரிய நோய் மையத்தில் பதிவு செய்தாரா, குழந்தை இப்போது எந்த மருந்தாவது குடிக்கிறதா என்று கேளுங்கள். பதிவு செய்யவில்லை என்றால் திங்கட்கிழமை அவரோடு போவதற்கு உங்கள் மஹல்லாவில் படித்த இளைஞர் ஒருவரை அன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். பஸ் கட்டணத்தை ஜமாஅத் கொடுக்கட்டும்.